பழுப்பு அங்கி, சுரங்கப்பாதை, கொழுத்த துறவி: இடைக்கால மடங்களைக் கற்பனை செய்வதில் நேரும் தவறுகள்

ஐரோப்பாவின் இடைக்காலத் துறவி என்றதும் நம் கண்முன் வருபவருக்குப் பழுப்பு அங்கி, இடுப்பில் கயிறு, உச்சி மழித்த தலை, கையில் மெழுகுவத்தி. வாய் திறக்கவே மாட்டார். எலும்பும் தோலுமாக நின்று தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்வார். அல்லது மதுப் பீப்பாய்க்குப் பக்கத்தில் தொந்தியைத் தடவியபடி சிரிப்பார். அவருடைய மடத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை ஓடும். சுவருக்குள் உயிரோடு வைத்துப் பூசப்பட்ட கன்னியாஸ்திரி ஒருத்தியும் இருப்பாள்.

இந்தப் படத்தின் பெரும்பகுதியை வரைந்தவர்கள் மடங்கள் மூடப்பட்டு இருநூறு, முந்நூறு ஆண்டுகள் கழித்து வாழ்ந்தவர்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் துறவியிடம் ஏதோ ஒரு வேலை இருந்தது. நிலத்தைப் பறிக்க ஒரு காரணம், திகில் கதைக்கு ஒரு கொடியவன், பிரபுவின் தோட்டத்துக்கு ஓர் அலங்காரம், மதுப்புட்டிக்கு ஒரு லேபிள். ஆகவே மடத்து வாழ்க்கையைப் பற்றி எதைப் படித்தாலும் அதை யார், எந்த ஆண்டில், என்ன தேவைக்காகச் சொன்னார் என்று பார்த்துவிடுவது நல்லது. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து தருகிறேன். மடங்களை இடித்தவர்களும் ஆங்கிலேயரே, இடிபாட்டைப் பார்த்து உருகியவர்களும் ஆங்கிலேயரே என்பதால் அங்கே கதை தெளிவாகத் தெரியும்.

இடித்தவரின் அறிக்கையை அப்படியே நம்புவது

1535-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் தொடங்கினார். மடங்களின் வருமானத்தைக் கணக்கெடுத்தார். மடங்களின் ஒழுக்கத்தை விசாரிக்க ஆட்களை அனுப்பினார். இந்த இரண்டும் சேர்ந்தே நடந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. ரிச்சர்ட் லேட்டன், தாமஸ் லீ என்ற இரு விசாரணையாளர்கள் குளிர்காலத்தில், குதிரைமேல், சுமார் இரண்டே மாதங்களில் வடக்கு இங்கிலாந்தின் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களை விசாரித்து முடித்தார்கள். துறவிகளின் காமம், போலிப் புனிதப் பொருள்கள், மூடநம்பிக்கை எனப் பட்டியல் போட்டு அனுப்பினார்கள். பிற்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ 'மடத்து ரகசியங்கள்' இந்தப் பட்டியலிலிருந்து கிளைத்தவை.

இதைத் தொடர்ந்து வந்த 1536-ம் ஆண்டுச் சட்டத்தின் முகப்புரையைப் படித்தால் சிரிப்பு வரும். ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைவான சிறு மடங்களில் பாவம் பெருகிவிட்டதாம். பெரிய மடங்களிலோ, கடவுளுக்கு நன்றி, சமய வாழ்வு நன்றாகவே பேணப்படுகிறதாம். ஒழுக்கக்கேடு சரியாக 200 பவுண்டில் வந்து நின்றுவிட்டது! நான்கே ஆண்டுகளில், 1540-க்குள், அந்தப் பெரிய மடங்களும் ஒன்று விடாமல் மூடப்பட்டன.

மூடியவர்கள் முதலில் கைவைத்தது கூரையில். கூரை ஈயத்துக்கு நல்ல விலை இருந்தது. யார்க்ஷயரில் உள்ள ரீவோ மடத்தில் உரித்த ஈயத்தை உருக்கிப் பாளங்களாக வார்த்து, அரச முத்திரை குத்தி அடுக்கியிருந்தார்கள். எடுத்துச் செல்வதற்குள் சுவர் சரிந்து அவற்றின்மேல் விழுந்துவிட்டது. 20-ம் நூற்றாண்டில் இடிபாட்டை அகற்றியபோது ஹென்றியின் முத்திரையோடு சில பாளங்கள் அப்படியே கிடைத்தன. அந்த ஈயம் யார்க் பேராலயத்தின் பழைய கண்ணாடிச் சாளரம் ஒன்றைப் பழுதுபார்க்கப் பயன்பட்டது. மடங்கள் ஏன் மூடப்பட்டன என்ற கேள்விக்கு லேட்டனின் கடிதங்களைவிட அந்தப் பாளங்கள் நேர்மையாகப் பதில் சொல்கின்றன என்பது என் எண்ணம்.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்து, குற்றச்சாட்டு எல்லாமே பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. குரோம்வெல்லுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே ஆயர்கள் (பிஷப்புகள்) மடங்களைச் சோதித்து வந்தார்கள். 13-ம் நூற்றாண்டில் பிரான்சின் ரூவான் நகரின் பேராயர் யூத் ரிகோ தம் மறைமாநிலம் முழுவதும் சுற்றி எழுதிய பதிவேடு இன்றும் இருக்கிறது. குடி, கடன், முறையற்ற உறவு, பாடல் வேளையில் சோம்பல் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது குறை எழுதுவதற்கென்றே வைத்த ஏடு. மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டிவிட்டு ஊரில் ஆரோக்கியமானவரே இல்லை என்று யாரும் முடிவுகட்டுவதில்லையே.

சுவருக்குள் கன்னியாஸ்திரியைத் தேடுவது

18-ம் நூற்றாண்டின் கடைசியில் திகில் நாவல்கள் ஆங்கில வாசகர்களைப் பிடித்து ஆட்டின. புராட்டஸ்டன்ட் எழுத்தாளர்கள், பார்த்தே இராத ஸ்பெயின், இத்தாலி மடங்களில் கதையை வைத்தார்கள். 1796-ல் மாத்யூ லூயிஸ் தம் இருபதாவது வயதை ஒட்டி வெளியிட்ட 'துறவி' நாவலில் வல்லுறவு, கொலை, பிசாசோடு ஒப்பந்தம் என ஒன்றுக்கும் குறைவில்லை. 1808-ல் வால்டர் ஸ்காட் தம் 'மார்மியன்' காவியத்தில் ஒரு கன்னியாஸ்திரியை உயிரோடு சுவருக்குள் வைத்துப் பூசினார். ஸ்காட்லாந்தின் கோல்டிங்காம் மடத்து இடிபாட்டில் நின்ற நிலையில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்ததாக ஓர் அடிக்குறிப்பும் சேர்த்தார். அதற்குப் பிறகு பாழடைந்த மடத்தில் எலும்பு கிடைத்த இடமெல்லாம் இந்தக் கதை ஒட்டிக்கொண்டது. மடங்கள் தங்கள் மனிதர்களை வளாகத்துக்குள்ளேயேதான் புதைத்தன. அங்கே எலும்பு கிடைக்காவிட்டால்தான் வியப்பு.

இந்தக் கற்பனைக்குப் பின்னால் இருக்கக்கூடிய உண்மை வேறு மாதிரியானது. தேவாலயச் சுவரை ஒட்டிய சிற்றறையில், ஆயரின் அனுமதியோடு, தாமே விரும்பி அடைபட்டு வாழ்ந்த பெண்கள் இருந்தார்கள். 14-ம் நூற்றாண்டில் நார்விச் நகரில் அப்படி வாழ்ந்தவர் ஜூலியன். ஆங்கிலத்தில் பெண் எழுதியதாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அவருடையது. அந்த அறைக்குச் சாளரம் உண்டு, அறிவுரை கேட்டு ஆட்கள் வருவார்கள், பணிப்பெண் உண்டு, ஊரார் உயிலில் அவருக்குப் பணம் எழுதி வைத்தார்கள். இத்தகைய பெண்களுக்காக 13-ம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கையேடு ஒன்று, வேறு எந்த விலங்கும் வேண்டாம், பூனை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்கிறது. திகில் நாவலில் அந்தப் பூனைக்கு இடமில்லை.

சுரங்கப்பாதைக் கதை இதைவிட எளிதில் தீர்ந்துவிடும். ஆண் மடத்திலிருந்து கன்னியர் மடத்துக்கு நிலத்தடி வழி இருந்தது என்று இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் சொல்வார்கள். ஆள் நடக்கும் உயரத்தில் கல் பாவிய வழிகள் பல மடங்களின் அடியில் இருப்பதும் மெய்தான். அவை கழிவுநீர்க் கால்வாய்கள். நீரும் கழிவும் மடங்களுக்குப் பெருமைக்குரிய பொறியியல். கேன்டர்பரி மடத்தின் குழாய்கள், தொட்டிகள், வடிகால் எல்லாவற்றையும் காட்டும் 12-ம் நூற்றாண்டு வரைபடம் இன்றும் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி மடத்துப் பெருங்கால்வாய் 1990-ஐ ஒட்டி மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டபோது சேற்றிலிருந்து பானையோடுகளோடு, இசைக்குறிப்பு கீறிய பலகைக்கல்லும் கிடைத்தது.

இடிபாட்டையே மடம் என்று எண்ணுவது

வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1770-ல் வை நதிக்கரையில் உள்ள டின்டர்ன் மடத்தைப் பார்க்கப் போனார். இயற்கைக் காட்சியை ஓவியம்போல் பார்க்கக் கற்றுத்தந்தவர்களில் முதன்மையானவர் அவர். கூரையில்லாத மடம், சுவரெல்லாம் படர்கொடி. ஆனால் அவருக்குத் திருப்தியில்லை. முக்கோண முகப்புச் சுவர்கள் இன்னும் ஒழுங்காக நின்று கண்ணை உறுத்துகின்றன, ஒரு சுத்தியலைப் பக்குவமாகப் பயன்படுத்தினால் நன்றாக இருக்கும் என்று 1782-ல் வெளிவந்த நூலில் எழுதினார். ஹென்றி விட்டுவைத்ததை அழகுக்காக உடைக்கத் தயாரான மனிதர்!

அதே பயணக் குறிப்பில், சரியாக நடக்க முடியாத ஓர் ஏழைப் பெண் மடத்து நூலகத்தைக் காட்டுவதாக அவர்களை அழைத்துப் போகிறாள். இரண்டு கோல்களை ஊன்றித் தள்ளாடிப் போய் அவள் காட்டியது இடிபாட்டுக்குள் ஈரம் சொட்டும் ஒரு பொந்து. அவளுடைய வீடு அது. நூலகம் என்று சொன்னால்தான் பயணிகள் காசு தருவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிற்காலத்தார் மடங்களிடம் எதை எதிர்பார்த்து வந்தார்கள் என்பதை அவள் கில்பினைவிடச் சரியாகக் கணித்திருந்தாள்.

யார்க்ஷயரில் உள்ள ஃபவுண்டன்ஸ் மடத்தின் இடிபாடு 1767-ல் பக்கத்து எஸ்டேட்காரரான வில்லியம் ஐஸ்லபியால் வாங்கப்பட்டு, அவருடைய நீர்த்தோட்டத்தின் கோடியில் காட்சிப்பொருளாகச் சேர்ந்தது. வேறு சில பிரபுக்கள் தோட்டத்தில் குடில் கட்டி, சம்பளத்துக்குத் 'துறவி' ஒருவரை உட்காரவைக்கவும் முயன்றார்கள். இப்படிப் பழகிய கண்ணுக்கு மடம் என்றால் சாம்பல் நிறக் கல், பசும்புல், அமைதி.

ஆனால் ஃபவுண்டன்ஸ் சுவர்கள் சுண்ணம் பூசி, வெள்ளைக் கோடுகளால் கல் அடுக்குபோல் வரையப்பட்டிருந்தவை. அமைதிக்கும் இடமில்லை. 12-ம் நூற்றாண்டில் மடாதிபதி ஏல்ரெட் காலத்தில் ரீவோவில் 140 துறவிகளும், அவர்களுக்கு மேல் சுமார் 500 உழைப்புச் சகோதரர்களும் பணியாட்களும் இருந்ததாக அவருடைய சீடர் எழுதியிருக்கிறார். உழைப்புச் சகோதரர்கள் என்போர் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். பண்ணை, ஆடு, உலைக்களம், ஆலை எல்லாம் அவர்கள் பொறுப்பு. தனி உணவுக்கூடம், தனிப் படுக்கைக்கூடம், தேவாலயத்திலேயே தடுப்புக்கு மேற்கே தனி இடம். பின்னாளில் துறவியை ஓவியமாக வரைந்தவர்கள் இவர்களை அநேகமாக விட்டேவிட்டார்கள். இவர்கள் வளர்த்த ஆட்டின் கம்பளியை இத்தாலிய வணிகர்கள் வந்து வாங்கினார்கள். இன்னும் வெட்டாத கம்பளிக்கு முன்பணம் வாங்கி, 13-ம் நூற்றாண்டில் ஃபவுண்டன்ஸ் கடனில் மூழ்கியது.

மௌனமும் சோறும்

துறவிகள் மௌன விரதம் எடுத்துக்கொண்டார்கள் என்பது மிகப் பரவலான தவறு. 6-ம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி பெனடிக்ட் மடங்களுக்காக எழுதிய ஒழுங்குநூல் 73 அதிகாரங்கள் கொண்டது. புதிதாகச் சேர்பவர் அளிக்கும் உறுதிமொழிகள் மூன்று: அந்த இடத்தை விட்டு நீங்காமை, துறவு நெறிப்படி வாழ்தல், கீழ்ப்படிதல். மௌனம் அதில் இல்லை. பேச்சைக் குறைக்கச் சொல்கிறது. இரவு ஜெபத்துக்குப் பின் பேச்சைத் தடுக்கிறது. உணவு வேளையில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கச் சொல்கிறது. அவ்வளவுதான்.

சாப்பிடும்போது உப்பு வேண்டும் என்றால்? கைச்சாடை இருந்தது. கேன்டர்பரியில் பழைய ஆங்கிலத்தில் எழுதிய பட்டியல் ஒன்று 127 சாடைகளை விளக்குகிறது. பிரான்சின் குளூனி மடத்தில் மீன் வேண்டுமென்றால் நீரில் வாலசைவதுபோல் கையை ஆட்ட வேண்டும். புத்தகம் வேண்டுமென்றால் ஏட்டைப் புரட்டுவதுபோல் காட்ட வேண்டும். கிறிஸ்தவரல்லாத பழைய ஆசிரியரின் புத்தகம் என்றால் கூடவே நாய் சொறிவதுபோல் காதைச் சொறிய வேண்டும். பழைய ரோமக் கவிஞர் வர்ஜிலைப் படிக்க ஆசை, அதில் ஒரு குற்றவுணர்வு, இரண்டும் ஒரே சாடையில்!

1180-ஐ ஒட்டி வேல்ஸ் நாட்டு ஜெரால்ட் என்ற குரு கேன்டர்பரி மடத்தில் விருந்துண்டார். பதினாறு பதார்த்தங்கள் வந்தன, துறவிகள் விரலாலும் கையாலும் தோளாலும் ஓயாமல் சாடை காட்டிக்கொண்டிருந்தார்கள், கூத்தாடிகள் நடுவே உட்கார்ந்ததுபோல் இருந்தது, இதற்குப் பேசியே தொலைத்திருக்கலாம் என்று எழுதினார். படிக்கச் சுவையான பகுதி. ஆனால் ஜெரால்டுக்குத் துறவிகளைப் பிடிக்காது. திருவிழா நாள் விருந்தை அன்றாடச் சாப்பாடாக எடுத்துக்கொள்ளவும் கூடாது.

அன்றாடச் சாப்பாடுதான் என்ன? பெனடிக்ட் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு ரொட்டியும், சமைத்த உணவு இரண்டும் தருகிறார். நாற்கால் விலங்கின் இறைச்சி நோயாளிக்கு மட்டும். மது விஷயத்தில் அவருடைய அலுப்பு வெளிப்படையாகத் தெரிகிறது: மது துறவிகளுக்கு உரியதல்ல என்று படிக்கிறோம், ஆனால் இந்தக் காலத்தில் அவர்களை இதற்கு ஒப்பவைக்க முடியாது, நிறையக் குடிக்காமலாவது இருப்போம் என்று சொல்லி ஓர் அளவைத் தருகிறார்.

பிறகு சந்துகள் திறந்தன. உணவுக்கூடத்தில் இறைச்சி கூடாது என்றால், இன்னொரு கூடம் கட்டி அங்கே சாப்பிட்டார்கள். 1336-ல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பெனடிக்ட், ஒரே நேரத்தில் பாதிப்பேராவது உணவுக்கூடத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை வாரம் நான்கு நாள் அனுமதித்தார். லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கணக்கேடுகளை ஆராய்ந்த பார்பரா ஹார்வி, இடைக்காலத்தின் இறுதியில் அங்கே ஒரு துறவிக்கு ஒதுக்கப்பட்ட உணவு சாதாரண நாளில் 6,000 கலோரிக்கும் மேல் என்று கணக்கிட்டார். அவர்கள் உண்டது அதில் அறுபது சதவீதம்போல் இருக்கலாம் என்பதும் அவர் கணிப்பே. மெர்ட்டன் மடத்துக் கல்லறைகளிலும், உடல் பருமனோடும் நீரிழிவோடும் தொடர்புபடுத்தப்படும் முதுகெலும்பு இறுக்க நோய் வழக்கத்தைவிட அதிகம் காணப்பட்டது.

அப்படியானால் தொந்தித் துறவி உண்மைதானே? ஓரளவு உண்மை, பணக்கார மடம், கடைசி நூற்றாண்டுகள் என்ற எல்லைக்குள். நாம் பார்க்கும் சிரித்த முகமோ 19-ம் நூற்றாண்டில் வந்தது. மியூனிக்கில் வாழ்ந்த ஓவியர் எடுவர்ட் ஃபான் க்ரூட்ஸ்னர், நிலவறையில் பீர் ருசிபார்க்கும் துறவிகளை வரைந்தே பெயர் பெற்றார். வியாபாரிகள் பின்தொடர்ந்தார்கள். பெனடிக்டின் என்ற மது 16-ம் நூற்றாண்டுத் துறவி ஒருவரின் ரகசியக் குறிப்பு என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1863-ல் அதைத் தயாரித்தவர் அலெக்சாண்டர் லெ கிராண்ட் என்ற வணிகர். ஷாம்பெயினைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் டோம் பெரிஞோன் 1715-ல் இறந்தவர், இடைக்காலத்தவரே அல்ல; மதுவில் குமிழி வருவதை அவர் குறையாகவே கருதினார்.

சட்டென்று திருத்திக்கொள்ளக்கூடியவை

பெனடிக்ட் சபையினரின் அங்கி கறுப்பு. சிஸ்டர்சியன் சபையினருடையது சாயமேற்றாத வெண்கம்பளி. கயிறு கட்டியவர்கள் பிரான்சிஸ்கன் சபையினர். அவர்களும் இங்கிலாந்தில் 'சாம்பல் சகோதரர்' என்றே அழைக்கப்பட்டார்கள். திரைப்படங்களில் எல்லோருக்கும் பழுப்பைப் போர்த்திவிடுகிறார்கள். தவிர, பிரான்சிஸ்கன், தொமினிக்கன் சபையினர் மடத்துக்குள் அடங்கி வாழ்ந்தவர்கள் அல்லர். நகரங்களில் இரந்து வாழ்ந்து மறையுரை ஆற்றியவர்கள். ராபின் ஹுட்டின் தோழர் டக் இவர்களில் ஒருவராகக் காட்டப்படுகிறார். கதை நடப்பதாகச் சொல்லப்படும் காலத்து மன்னர் முதலாம் ரிச்சர்டோ 1199-ல் இறந்துவிட்டார். பிரான்சிஸ்கன் சபையினர் இங்கிலாந்தில் கால் வைத்தது 1224-ல்.

எல்லாத் துறவிகளும் நாள்முழுதும் ஏடுகளைப் படியெடுத்தார்கள் என்பதும் தவறு. 13-ம் நூற்றாண்டிலிருந்து பாரிஸ், பொலோனா போன்ற பல்கலைக்கழக நகரங்களில் கூலிக்கு எழுதும் கடைக்காரர்களே பெரும்பங்கு. புத்தகத்தைச் சங்கிலியால் கட்டியது அறிவைப் பூட்டிவைக்க என்பார்கள். வருகிறவர் போகிறவர் படிக்கும் இடத்தில் விலையுயர்ந்த நூல் களவு போகாமல் இருக்கவே கட்டினார்கள். பலரும் படம் எடுத்துக்கொள்ளும் ஹெர்போர்டு பேராலயத்தின் சங்கிலி நூலகம் 1611-ஐச் சேர்ந்தது.

மடங்களின் லத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் பாடல் பற்றி ஒரு எச்சரிக்கை. தியானத்துக்கென்று ஒலிக்கவிடும் அந்த மிதக்கும் நடை, 1833-ல் பிரான்சின் சொலெம் மடத்தை மீண்டும் தொடங்கிய புரோஸ்பேர் கெராஞ்சேயும் அவருக்குப் பின்வந்த துறவிகளும் பழைய ஏடுகளை ஒப்பிட்டு அமைத்த வடிவத்துக்குக் கடமைப்பட்டது. அருமையான உழைப்பு, ஆனால் 19-ம் நூற்றாண்டின் செவி.

புகழ்வதிலும் தவறு உண்டு

1834-ல் இங்கிலாந்தில் புதிய ஏழைகள் சட்டம் வந்து, வறியவர்கள் உழைப்பு விடுதிகளில் அடைக்கப்பட்டார்கள். அதைக் கண்டு கொதித்தவர்கள் மடங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டடக் கலைஞர் பியூஜின் 'முரண்கள்' என்ற நூலின் 1841-ம் ஆண்டுப் பதிப்பில் இரண்டு விடுதிகளை எதிரெதிரே வரைந்தார். ஒருபக்கம் சிறைபோன்ற எண்கோணக் கட்டடம், கையில் சாட்டையோடு மேலாளர், கூழும் ரொட்டியும், இறந்தால் உடல் அறுவைக்கூடத்துக்கு. மறுபக்கம் மடம், அன்பான தலைவர், மாட்டிறைச்சி, ஏல் என்ற பீர், சீஸ், முறையான அடக்கம். உழைப்பு விடுதியைப் பற்றிய கோபம் நியாயமானது. ஆனால் ஒரு படத்தில் கொடுமை எவ்வளவு தேவைப்பட்டதோ அவ்வளவு இனிமையை மற்றதில் வரைந்திருக்கிறார். வெஸ்ட்மின்ஸ்டரில் ஏழைக்குக் கிடைத்தது பெரும்பாலும் துறவி தின்று மீந்தது.

துறவிகள் எல்லோரும் உலகம் வெறுத்தோ காதலில் தோற்றோ மடம் புகுந்தார்கள் என்பதும் இதே காலத்துக் கற்பனை. 1085-ல் ஒடெலேரியஸ் என்ற குரு தம் பத்து வயது மகனை இங்கிலாந்திலிருந்து நார்மண்டியின் செயின்ட் எவ்ரூல் மடத்துக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளை ஆர்டெரிக், அறுபத்தேழு வயதில் அதை எழுதுகிறார்: அழுதுகொண்டே தந்தை கொடுத்தார், அழுதுகொண்டே போனேன், பிறகு அவரைப் பார்க்கவே இல்லை, எகிப்துக்குப் போன யோசேப்பைப்போல் தெரியாத மொழியைக் கேட்டேன். அவருடைய ஆங்கிலப் பெயர் அங்கிருந்தவர்களுக்குக் கரடுமுரடாகப் பட்டதால் விட்டாலிஸ் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் அதே எழுத்தில் கசப்பு இல்லை. மடத்தில் கிடைத்த அன்புக்கு நன்றி இருக்கிறது. கட்டாயத்தின் கொடுமை என்றோ பக்தியின் இனிமை என்றோ ஒரே சொல்லில் இதை அடக்க முடியாது.

ஆர்டெரிக்கின் கதையை எல்லாக் காலத்துக்கும் நீட்டுவதும் தவறாகிவிடும். அடுத்த நூற்றாண்டிலேயே சிஸ்டர்சியன் சபையினர் சிறுவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். வயது வந்து, ஓராண்டு சோதனைக்காலம் முடித்தவர்களே உறுதிமொழி எடுத்தார்கள். பெனடிக்ட் ஒழுங்குநூல் எழுதியதிலிருந்து இங்கிலாந்தின் கடைசி மடம் மூடப்பட்டதுவரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள். 'இடைக்காலத் துறவிகள் இறைச்சி உண்டார்களா?' என்று யாராவது கேட்டால், எந்த மடத்தில், எந்த ஆண்டில், எந்தக் கூடத்தில் உட்கார்ந்து என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.